வண்டி வாடகை வேறு, இறக்குகூலி வேறு

கடந்த கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை, கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் உள்ள ஒரு குடோனில் நாற்பது பெட்டித் தரை டைல்ஸ் ஏற்றிக்கொண்டு, வடவள்ளியில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்குப் போனேன். இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ், பெட்டிக்கு நான்கு, பெட்டியின் எடை 28 கிலோ. மொத்தம் 1,120 கிலோ. வீட்டுக்குப் போகும் சந்தின் முகப்பில் எம்-சாண்ட் கொட்டிக் கிடந்ததால் வண்டி உள்ளே நுழையவில்லை. வண்டி நின்ற இடத்திலிருந்து வாசலுக்கு எழுபது அடி இருக்கும். வாசலோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை; டைல்ஸ் ஒட்டப்போவது இரண்டாம் மாடியில். வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். போனதும் எங்கள் இருவருக்கும் தண்ணீர் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "டோர் டெலிவரின்னுதானுங்க கடையில சொன்னாங்க, மேல ஹால்லயே அடுக்கிடுங்க" என்றார்.

எந்தக் கதவு என்று கடையில் தரும் சீட்டில் யாரும் எழுதுவதில்லை. தெருக் கதவா, வாசல் கதவா, மாடி ஹாலின் கதவா என்பதை அந்தந்த நேரத்தில் யார் குரல் உயர்கிறதோ அவரே முடிவு செய்கிறார். படிகளை எண்ணினேன், முப்பத்தாறு. நானும் உதவிக்கு வரும் பையனும் ஆளுக்கு இருபது பெட்டி என்று பிரித்துக்கொண்டோம். ஒரு பெட்டியாக எடுத்துப் போனால் ஒவ்வொருவரும் 28 கிலோவைச் சுமந்தபடி 720 படி ஏற வேண்டும், வெறுங்கையோடு 720 படி இறங்க வேண்டும். இறங்குவது சுலபம் என்று நினைப்பவர்கள் பதினைந்தாவது நடையில் முழங்கால் நடுங்கும்போது கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டப்படாத படிக்கட்டில் இறங்கிப் பார்த்ததில்லை. மூன்றரை மணி நேரம் ஆயிற்று. சிங்காநல்லூரிலிருந்து வடவள்ளிக்கு வண்டி ஓட்டியது ஐம்பது நிமிடம். வாடகை 1,200 ரூபாய், அதாவது அந்த ஐம்பது நிமிடத்துக்கான பணம். மூன்றரை மணி நேரத்துக்கு யாரிடம் பில் போடுவது என்று எனக்கு அன்றும் தெரியவில்லை.

பதினான்கு ஆண்டுகளாகக் கோவைக்குள்ளும் சுற்றுவட்டாரத்திலும் சொந்தத்தில் ஒரு சிறு சரக்கு வண்டி ஓட்டுகிறேன். முதல் ஆறு ஆண்டுகள் ஊரில் குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் டாடா ஏஸ். அதன் பிறகு 1,250 கிலோ வரை ஏற்றக்கூடிய தோஸ்த். என்ன வேலை என்று கேட்பவர்களிடம் டிரைவர் என்றுதான் சொல்கிறேன். ஆனால் ஒரு நாளின் மணிக்கணக்கைப் பிரித்துப் பார்த்தால் நான் வண்டி ஓட்டுவது குறைவு. காத்திருப்பதும் இறக்குவதும்தான் அதிகம். இந்தத் தொழிலின் வாடகையோ கிலோமீட்டர் கணக்கில்தான் பேசப்படுகிறது. கைபேசிச் செயலி வழியாக வரும் சவாரியிலும் அதே கதைதான். ஏறும் இடத்துக்கும் இறங்கும் இடத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அது மீட்டர் பிசகாமல் அளந்துவிடும். வண்டியின் பின்கதவிலிருந்து வீட்டின் உள்ளறை வரை உள்ள தூரம் எந்த வரைபடத்திலும் இல்லை.

சரக்கு ஏற்றும் இடத்தில் இந்தச் சிக்கல் வருவதே இல்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். குடோனில் தினமும் ஏற்றுகிறார்கள், ஆகவே அங்கே லோடுமேன்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குள் ஒரு தலைவர் இருக்கிறார், மூட்டைக்கு இவ்வளவு, பெட்டிக்கு இவ்வளவு என்று ஏற்றுகூலி பேசி முடிவாகியிருக்கிறது. அந்தக் கூலியைக் கொடுக்காமல் வண்டி நகராது. இறக்கும் இடத்திலோ சரக்கு வருவது அந்த வீட்டுக்காரரின் வாழ்க்கையில் ஒருமுறை. அவருக்குக் கூலி நிலவரம் தெரியாது, ஆள் தெரியாது; கண் முன்னால் நிற்பது நாங்கள் இருவர்தான். கடைக்காரருக்கு எல்லாம் தெரியும், இருந்தாலும் தெரியாததுபோல் இருப்பதில்தான் அவருடைய வியாபாரம் இருக்கிறது. இறக்குகூலியையும் சேர்த்துச் சொன்னால் பக்கத்துக் கடையின் விலை குறைவாகத் தெரிந்துவிடும். ஆகவே டோர் டெலிவரி என்ற இரண்டு சொல்லை எழுதி, மிச்சத்தை எங்கள் முதுகில் ஏற்றி அனுப்புகிறார்.

என் வண்டியின் பக்கவாட்டில் கறுப்புப் பெயின்டில் இரண்டு எண்கள் எழுதியிருக்கின்றன. ஒன்று காலி வண்டியின் எடை, மற்றொன்று சரக்கோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட எடை. அந்த இரண்டாவது எண்ணைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது எங்கள் ஸ்டாண்டில் எல்லோருக்கும் மனப்பாடம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவுப்படி 20,000 ரூபாய் அபராதம். அதற்கு மேல், கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அதோடு விடுவதில்லை, கூடுதல் சரக்கை இறக்கிய பிறகே வண்டியை நகர்த்த விடுவார்கள். இது நியாயமான சட்டம் என்றே நினைக்கிறேன். அடியில் பாரம் தாங்கும் வில்பட்டை முறிந்த வண்டியையும், பாரம் தாங்காமல் பிரேக் பிடிக்காத வண்டியையும் பார்த்திருக்கிறேன். அச்சுக்கும் பட்டைக்கும் இவ்வளவுதான் தாங்கும் என்று ஒரு நாடு கணக்குப் போட்டு எழுதி வைத்திருக்கிறதே, ஓட்டுகிறவனின் இடுப்புக்கு அப்படி ஓர் எண் எங்காவது எழுதியிருக்கிறதா என்று ஒருநாள் தேடிப் பார்த்தேன்.

இருக்கிறது, ஆனால் வேறு யாருக்கோ எழுதியது போல இருக்கிறது. உடலுக்குக் கேடு விளைவிக்கும் அளவுக்கு எடையுள்ள பொருளைத் தூக்கவோ சுமக்கவோ யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஒரு பிரிவு எழுதினார்கள். நான் தொழிற்சாலையில் இல்லை. 1967-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருக்குமானால் அதை விரைந்து குறைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அமெரிக்காவின் தொழில்நலப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் போட்டிருக்கும் கணக்கு இன்னும் கண்டிப்பானது. எல்லா வசதியும் பொருந்தி வந்தாலும் 23 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்கிறது அது. எல்லா வசதியும் என்றால் பொருள் உடம்பை ஒட்டி இருக்க வேண்டும், இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும், உடம்பைத் திருப்பக் கூடாது, அடிக்கடி தூக்கக் கூடாது. எங்கள் வேலையோ குனிந்து, திருப்பி, நாற்பது முறை. வேலை நேரத்துக்கும் சட்டம் இருந்தது. 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம் என்றது. ஆனால் அது ஐந்து பேராவது வேலை செய்யும் நிறுவனங்களுக்கானதாகத்தான் இருந்தது. எனக்கு நானே முதலாளி, நானே தொழிலாளி. எந்தச் சட்டத்தை யார் மீது போடுவது?

எடை என்பது கிலோ மட்டும் அல்ல என்பதைத் தொழிலுக்கு வந்த முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டேன். 50 கிலோ சிமென்ட் மூட்டை கனம்தான், ஆனால் அது அடக்கமான சரக்கு. தோளில் விழுந்தவுடன் தன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். அரிசிச் சிப்பம் அதைவிடச் சாது. (2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பையரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்தபோது, வரிக்குத் தப்புவதற்காகச் சில ஆலைகள் 26 கிலோ பையாக மாற்றின. நூறு சிப்பம் இறக்குகிறவனுக்கு நூறு கிலோ கூடியது. அந்த வரி விவாதத்தில் எங்களை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.) பதினாறு மில்லிமீட்டர் முறுக்குக் கம்பி ஒன்று பன்னிரண்டு மீட்டர் நீளத்தில் 19 கிலோதான் வரும். ஆனால் தோளில் வைத்து நடந்தால் இரு நுனியும் தனித்தனியாகத் துள்ளும்; அந்தத் துள்ளலுக்கு ஏற்ப நடையை மாற்றத் தெரியாதவன் கம்பியோடு சேர்ந்து சாக்கடையில் விழுவான். எட்டடிக்கு இரண்டடி கிரானைட் மேடைக்கல் ஏறக்குறைய 80 கிலோ. அதைப் படுக்கையாகத் தூக்கினால் தன் கனத்திலேயே நடுவில் முறியும் என்பதால் எப்போதும் நெட்டுக்குத்தாகத்தான் பிடிக்க வேண்டும். பிடித்திருப்பவனின் விரல்களுக்கும் தரைக்கும் இடையே அப்போது ஓர் அங்குலம்தான் இருக்கும்.

கோவையில் வண்டி ஓட்டுகிறவன் கிரைண்டரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஊருக்குப் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்த சரக்கு அது. வீட்டுக்கு வாங்கும் மேசைக் கிரைண்டர் ஒரு பொருட்டே இல்லை. ஒரு கையில் அட்டைப்பெட்டி, மறு கையில் சாவி என்று கொண்டுபோய் வைத்துவிட்டு வரலாம். ஓட்டல்களுக்குப் போகும் சாய்ப்புக் கிரைண்டர்தான் எங்களைச் சோதிப்பது. கருங்கல் குழவியும் கல் பதித்த பாத்திரமும் மேலே இருக்க, கீழே நான்கு கால் சட்டம் மட்டும் இருக்கும். தலைக்கனம் பிடித்த சரக்கு என்று எங்கள் ஸ்டாண்டில் சொல்வார்கள். பலகையைச் சாய்த்து வைத்து இறக்கும்போது கால் பக்கம் மெல்ல நகரும், தலைப் பக்கம் தன் போக்கில் முன்னே வரும். நான்கு பேர் இருந்தால் இருவர் கீழே முட்டுக் கொடுக்க, இருவர் மேலே கயிற்றை இழுத்துப் பிடிக்க, அது சமர்த்தாக இறங்கிவிடும். நாங்கள் இருவர் மட்டும் போன ஒரு மாலையில், காந்திபுரத்தில் ஒரு மெஸ்ஸின் பின்வாசலில், அது என் இடது கை மோதிர விரலைப் பின்கதவின் விளிம்போடு சேர்த்து அழுத்தியது. வலி உடனே வரவில்லை. முதலில் விரலைக் காணவில்லை என்பது போல ஒரு வெறுமைதான் இருந்தது. கிரைண்டரை விட்டுவிட்டால் அது பையனின் காலில் விழும் என்பதால், அவன் தள்ளி நிற்கும் வரை அப்படியே பிடித்திருந்தேன். நகம் மூன்றாம் நாள் கழன்றது. புதிதாக முளைத்த நகம் இன்றைக்கும் சற்றுக் கோணலாகத்தான் இருக்கிறது. அந்த மெஸ்காரர் அதன் பிறகு எப்போது போனாலும் காபிக்குக் காசு வாங்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆயில் டிரம் இன்னொரு கலை. 210 லிட்டர் டிரம் ஒன்று ஏறக்குறைய 200 கிலோ. அதைத் தூக்குவது என்ற பேச்சே கிடையாது. அதற்காகவே வண்டியில் எப்போதும் இரண்டு பழைய டயர்களைப் போட்டு வைத்திருப்பேன். பின்கதவைத் திறந்து, கீழே ஒரு டயரின் மேல் இன்னொரு டயரை வைத்து, டிரம்மைப் படுக்க வைத்து விளிம்பு வரை உருட்டி, ஒரே தள்ளு. சரியாக விழுந்தால் டயர் அதை வாங்கிக்கொண்டு ஒருமுறை எம்பும், பிறகு அடங்கும். கோணலாக விழுந்தால் எம்பிய டிரம் எந்தத் திசையில் ஓடும் என்று சொல்ல முடியாது. ஆகவே முன்னால் நிற்கவே கூடாது, பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும். விழுந்த டிரம்மை நிமிர்த்துவதற்கு இருவர் குந்தி உட்கார்ந்து, முதுகை நேராக வைத்து, தொடையால் எழ வேண்டும். நிமிர்ந்த டிரம்மைத் தன் பக்கம் லேசாகச் சாய்த்து, அடி விளிம்பின் மேலேயே சுழற்றிக்கொண்டு போனால் ஒற்றை ஆளே குடோனின் மூலை வரை கொண்டுபோய் விடலாம். அந்தச் சாய்வு ஒரு மயிரிழை கூடினால் 200 கிலோவும் நம் மேல். இதையெல்லாம் ஒரு முறை செய்து காட்டியவர் உக்கடம் லாரிப்பேட்டையில் பார்த்த ஒரு முதிய லோடுமேன்.

அவருக்கு அப்போதே அறுபது கடந்திருக்கும். நூறு கிலோ மூட்டைகள் புழங்கிய காலத்தில் சும்மாடு கட்டிக்கொண்டு சுமந்தவர் அவர். கழுத்து தோளுக்குள் புதைந்தது போல இருக்கும்; திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் தலையைத் திருப்ப மாட்டார், முழு உடம்பையும் திருப்புவார். நான் வண்டியை நிறுத்திய வேகத்தில் குதித்து இறங்கி மூட்டையைப் பிடித்ததைப் பார்த்துவிட்டு, "கண்ணு, உக்காந்த உடம்போட தூக்காத, ஒரு பீடி குடிக்கிற நேரம் நடந்துட்டு வா" என்றார். பீடிப் பழக்கம் இல்லாததால் அந்த அறிவுரையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல ஆண்டுகள் கழித்து இடுப்பிலிருந்து இடது கெண்டைக்கால் வரை மின்சாரம் பாய்வது போன்ற வலி வந்து, காலை ஊன்ற முடியாமல் போய்ப் படமெடுத்தபோது, முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் நான்காவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் இடையே உள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். அங்கே பயிற்சி கொடுத்த இயன்முறை மருத்துவர் என் வேலையைக் கேட்டுவிட்டுச் சொன்ன முதல் அறிவுரையும் அந்த முதியவர் சொன்னதுதான். மணிக்கணக்காக உட்கார்ந்து, வண்டியின் குலுக்கலையெல்லாம் முதுகெலும்பு வாங்கிய பிறகு, இறங்கியவுடன் குனிந்து தூக்குவதுதான் மிக மோசமானது. சில நிமிடங்களாவது நடந்துவிட்டுத் தூக்குங்கள் என்றார் அவர். ஓட்டுவதும் இறக்குவதும் தனித்தனியாகச் செய்தால் உடம்பு ஓரளவு தாங்கும். இரண்டையும் ஒரே ஆள் அடுத்தடுத்துச் செய்வதில்தான் கேடு இருக்கிறது.

இரண்டு மாதம் வண்டி வீட்டு முன்னால் நின்றது. தவணை நிற்கவில்லை.

சாலையைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை, அதை எல்லோரும் அறிவார்கள். ராஜ வீதியிலும் பெரிய கடை வீதியிலும் வண்டியை நிறுத்தி இறக்க இடம் கிடையாது. இரட்டை வரிசையில் நிறுத்தினால் போட்டோ எடுத்துவிடுவார்கள், அபராதம் கைபேசிக்கு வரும், சரக்குக்காரர் அதில் பங்கு கொள்ள மாட்டார். அவிநாசி சாலையில் பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது நல்லதுதான். ஆனால் எங்கள் கடைகளெல்லாம் பாலத்துக்குக் கீழே இருக்கின்றன. டீசல் லிட்டர் தொண்ணூறு ரூபாயைத் தாண்டி நெடுநாளாகிறது. காத்திருப்பதை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வெளியில் தெரியாத உழைப்பு. ஒரு பெரிய நிறுவனத்தின் கிடங்கு வாசலில் பதினொன்றரைக்கு வரிசையில் நின்றேன். பன்னிரண்டரைக்கு என் முறை வந்தபோது சாப்பாட்டு நேரம் என்று கதவைச் சாத்தினார்கள். இரண்டு மணிக்குத் திறந்து, சலானில் முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நான்கரைக்கு இறக்கி முடித்தேன். அந்த வளாகத்தில் டிரைவர்களுக்குக் கழிப்பறை இல்லை. மதில் ஓரத்தில் ஒதுங்கினால் காவலாளி விசில் ஊதுகிறார். ஐந்து மணி நேரத்துக்குக் காத்திருப்புக் கட்டணம் கேட்டதற்கு, "உள்ளூர் வண்டிக்கெல்லாம் வெயிட்டிங் தர்றதில்லைங்க" என்று பதில் வந்தது. உள்ளூர்க்காரனுக்கு நேரமே கிடையாது போலும்.

இதற்கு நேர்மாறான ஓர் உலகம் முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கிறது. மாதத்தில் இரண்டு மூன்று முறை பம்புசெட் ஏற்றிக்கொண்டு, கேரள எல்லையில் உள்ள வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்குப் போவேன். நான் போகும் கடைகளில் என் கை சரக்கின் மேல் படக் கூடாது. சீருடைச் சட்டை அணிந்த நான்கைந்து பேர் வருவார்கள், பில்லைப் பார்த்து உருப்படியை எண்ணுவார்கள், கூலியைக் கடைக்காரரிடம் பேசுவார்கள், அரை மணி நேரத்தில் இறக்கிவிட்டுப் போவார்கள். கேரளத்தில் சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கென்றே ஒரு சட்டம் உண்டு, 1978-ஆம் ஆண்டினது. கூலியும் நலநிதியும் அதன் வழியாக ஒழுங்குக்கு வந்தன. அதே இடத்தில்தான் நோக்குகூலி என்ற கொடுமையும் வளர்ந்தது. வேலையே செய்யாமல், வேறு யாரோ இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்ததற்குக் கூலி கேட்பது அது. 2018 மே 1 முதல் அதை அந்த மாநில அரசு தடை செய்தது. அந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் சங்கங்களைத் திட்டும்போது எனக்கு முழு மனதோடு தலையாட்ட முடிவதில்லை. வண்டியில் உட்கார்ந்து ஒரு சாயா குடித்தபடி என் வண்டி இறக்கப்படுவதைப் பார்க்கும்போதுதான் நான் உண்மையிலேயே டிரைவராக இருக்கிறேன். திரும்பி வாளையாறு தாண்டியதும் மறுபடியும் மூட்டை தூக்கி.

எங்கள் பக்கம் சட்டம் இல்லை என்று சொல்லவில்லை. தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர்கள் சட்டம் 1982-ஆம் ஆண்டினது. அதன் கீழ் நலவாரியங்கள் இருக்கின்றன, ஓட்டுநர்களுக்கும் தனி வாரியம் இருக்கிறது, என்னிடமே அட்டை இருக்கிறது. கல்வி உதவி, திருமண உதவி, விபத்து உதவி எல்லாம் உண்டு. ஆனால் வாரியம் வருவது கை முறிந்த பிறகு. வடவள்ளியின் முப்பத்தாறு படிக்கு யார் கூலி கொடுப்பது என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை.

சரக்கு உடைந்தால் மட்டும் பொறுப்பு யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மோட்டார் கொண்டுபோனேன். மழை பெய்து மண் இளகியிருந்தது. கிணற்றடி வரை கொண்டுவந்து தரச் சொன்னார்கள். வரப்பில் கால் வழுக்கி மோட்டார் ஒரு பக்கமாக விழுந்து, வார்ப்பிரும்பு அடிப்பாதம் ஒன்று தெறித்துப்போயிற்று. விற்ற கடை என் வாடகையில் 2,800 ரூபாயைப் பிடித்துக்கொண்டது. வாடகை 1,500; மீதி 1,300-ஐ அடுத்த இரண்டு நடைகளில் கழித்தார்கள். கிணற்றடி வரை சுமப்பது என் வேலை இல்லை என்றால் உடைந்ததற்கு நான் பொறுப்பில்லை. அது என் வேலைதான் என்றால் அதற்குக் கூலி வேண்டும். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, "இந்த ஞாயமெல்லாம் பேசினா தொழில் பண்ண முடியாதுங்க" என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஸ்டாண்டில் பதினெட்டு வண்டிகள் நிற்கின்றன. நான் மறுத்தால் பத்தொன்பதாவது வண்டிக்காரன் வேண்டாம், பக்கத்தில் நிற்பவனே ஒத்துக்கொள்வான். அவனுக்கும் தவணை இருக்கிறது.

வட்டு பிதுங்கிய பிறகு எனக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று என்பதால், கொள்கைக்காக அல்லாமல் இடுப்புக்காக ஒரு காரியம் செய்தேன். வாடகைச் சீட்டு ஒன்றை அச்சடித்து, அதன் அடியில் மூன்று வரி சேர்த்தேன். வாடகை தரைத்தளம் வரை, வண்டியிலிருந்து இருபது அடிக்குள். அதற்கு மேல் இறக்குகூலி தனி. ஒற்றை உருப்படி 50 கிலோவுக்கு மேல் இருந்தால் இறக்கும் இடத்தில் ஆள் வைத்துத் தர வேண்டும். சவாரி ஒத்துக்கொள்ளும்போதே போனில் இதைப் படித்துவிடுகிறேன். முதல் மூன்று மாதம் கேட்டவர்களில் பாதிப் பேர் "அப்புறம் கூப்பிடறேனுங்க" என்று சொல்லிவிட்டு வேறு வண்டி பிடித்தார்கள். கூடவே எத்தனை படி, லிப்ட் உண்டா, சந்தில் வண்டி நுழையுமா என்றும் கேட்கப் பழகிக்கொண்டேன். அந்தக் கேள்விகளைக் கேட்டவுடன் மறுமுனையில் ஒரு சிறு மௌனம் வரும். அந்த மௌனத்தின் நீளத்தை வைத்தே எத்தனை மாடி என்று இப்போது என்னால் ஏறக்குறையச் சொல்லிவிட முடியும். ஸ்டாண்டில் இன்னும் நான்கு பேர் அதே வரிகளைத் தங்கள் சீட்டில் போட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் என்னை வக்கீல் என்று கூப்பிடுகிறார்கள்.

என்னோடு வரும் பையன் ஒடிசாவிலிருந்து வந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. நாள் கூலி 700 ரூபாயும் மதியச் சாப்பாடும். எங்கள் ஊர்ப் பேச்சை என்னைவிட மரியாதையாகப் பேசுவான். அவனுக்கு இருபத்து நான்கு வயது. மூட்டையை ஒரே வீச்சில் தோளுக்கு ஏற்றுகிறான். நான் இறங்கியதும் வண்டியைச் சுற்றி இரண்டு சுற்று நடப்பதை முதலில் வேடிக்கை பார்த்தான், இப்போது அவனும் என்னோடு நடக்கிறான். ஏன் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன வாரம் அந்த வடவள்ளி வீட்டுக்காரரே கூப்பிட்டார். சமையலறைக்குக் கிரானைட் மேடைக்கல் ஐந்து வர வேண்டுமாம். சீட்டில் உள்ள மூன்று வரியையும் படித்துவிட்டு, எத்தனை படி என்று வழக்கம்போலக் கேட்டேன். அவர் சிரித்தார். "படி அதேதானுங்க. ஆள் நாலு பேர் நிறுத்தி வெக்கறேன், நீங்க வண்டியில இருந்து எறங்கவே வேண்டாம்" என்றார். போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேர் நின்றிருந்தார்கள். எம்-சாண்ட் குவியல் அதே இடத்தில் இருந்தது, சற்றுக் கரைந்து, மேலே புல் முளைத்து. பையன் பின்கதவைத் திறந்து, "அண்ணா, நாம ரெண்டு பேரும் சேர்ந்தா நாலு ஆச்சுங்களே" என்றான். இறக்குகூலியை முதலில் பேசிவிட்டு வருகிறேன் என்று நான் வீட்டுக்குள் போனேன்.